எடுக்காதே

செவ்வாய்க்கிழமை சாம்பார் வேண்டாமென்று தட்டைத் தள்ளினாள்.
புதன் நள்ளிரவில் அதே சாம்பாரை
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிரக் குளிரக் குடித்தது யாரென்று
இன்றுவரை துப்புத் துலங்கவில்லை.

தாரிகாவுக்குப் பதினைந்து முடிந்து நாலு மாதம்.
"உன்ன யாரு பெத்துக்கச் சொன்னா?"
இந்த வருஷம் ஏழு தடவை கேட்டுவிட்டாள்.
ஏழாவது தடவை நான்
கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டிருந்தேன்.
மறுமுனையில் இருந்த பெண்ணுக்கும் கேட்டிருக்கும்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு
"வேற ஏதாச்சும் உதவி வேணுங்களா மேடம்?" என்றாள்.
அந்தக் குரலில் இருந்த கனிவுக்கு
எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதுகிறேன்.
ஈர மாவைக் களத்தில் பரப்பிவிட்டு
வெயில் போதுமா என்று
விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தே சொல்வார்கள் எங்கள் ஆட்கள்.
அவசரப்பட்டு மூட்டை கட்டினால் புளித்துவிடும்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும், போன மாதம்
அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளை
ஸ்குரூ டிரைவர் வைத்துக் கழற்றினேன்.
பதினொரு நாள் பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள் வாய் திறந்தாள்:
"வைஃபை வரல."

எதிர்வீட்டுப் பூனைக்கு நன்றி சொல்கிறாள்.
பார்சல் கொண்டுவரும் பையனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள்.
ஸ்டீல் பிளாண்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரைப் பார்த்து
"டயர்டாப்பா?" என்கிறாள்.
இல்லாத பிள்ளை இல்லை அவள்.
எனக்கு மட்டும் கிடைக்காத சரக்கு.

நாத்தனார் சொன்னாள்,
"இருபது வயசானா தன்னால சரியாயிடும் அண்ணி."
கை சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன்.
ஐம்பத்தாறு மாதம்.
வங்கிக் கடனென்றால்
தவணை அட்டையாவது கையில் கொடுப்பார்கள்.

கொழுந்தனார் பேரனுக்குக் காதுகுத்து, ஏற்காட்டில்.
பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலி.
அவள் மூன்று சீட் முன்னால் போய் உட்கார்ந்தாள்,
காதில் வயரோடு, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி.
அடிவாரம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு
எண் எழுதிய பலகை.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
எத்தனையில் முடியும் என்று தெரிந்தால்
வயிறு எப்படியோ தாங்கிக்கொள்கிறது.

எட்டாவது வளைவில் டிரைவர் ஒடித்துத் திருப்பியதில்
அவள் போன் எகிறிப் பின்னால் சறுக்கியது.
எழுந்து வந்தாள்.
பல மாதம் கழித்து நேராக என் முகத்தைப் பார்த்து,
"அம்மா, ஒரு கால் குடு."

அடித்தேன்.
பலாப்பழ மூட்டைக்கும் யாரோ ஒருவர் செருப்புக்கும் நடுவே
வெளிச்சம் துடித்தது.
குனிந்து எடுத்த பொடிப் பையன்
பஸ் முழுக்கக் கேட்க வாசித்தான்:
"அக்கா, 'எடுக்காதே'ன்னு யாரோ கூப்பிடறாங்க!"

கண்டக்டர் சிரித்தார்.
அவள் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன்.
என் காதும் சிவந்திருக்க வேண்டும்,
அங்கே பார்க்க ஆளில்லை.

நான் நிறுத்த மறந்துவிட்டேன்.
அவள் நிறுத்தியிருக்கலாம்.
சீட்டில் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தாள்.
"ம்."
"கிடைச்சுதா?"
"ம்."
மூன்று சீட் தூரம்.
அவள் மூச்சு எனக்கு இரண்டு தடவை கேட்டது,
நேரில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை என்று தோன்றியது.
சாப்பிட்டாயா என்று கேட்கப் போனேன்.
நல்ல வேளை, கேட்கவில்லை.
ஒன்பதாவது வளைவில் இணைப்பு அறுந்தது.
அவள் அறுத்தாளா, மலை அறுத்ததா, தெரியாது.

அந்தப் பெயரை மாற்றினாளா என்று
நான் போய்ப் பார்க்கவில்லை.
தாழ்ப்பாளை மட்டும் திரும்ப மாட்டிவிட்டேன்.
ஒரு ஸ்குரூ எங்கோ தொலைந்துபோய்
லேசாக ஆடுகிறது.

இன்று காலை இட்லி ஆறிப்போச்சு என்று
தட்டைத் தள்ளினாள்.
பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரத்தில்
சின்னதாக எழுதிவைத்தேன்:
ஐம்பத்தைந்து.